பந்து ஓடட்டும், அண்ணே!

பெயரில்தான் தீவு. புலாவ் செபாங்கில் இறங்கிச் சுற்றிப் பார்த்தால் கடலும் கிடையாது, அலையும் கிடையாது. ஒரு ரயில் நிலையம், ஒரு கடைவீதி, தாமான் வீடுகள், அவற்றைத் தாண்டினால் செம்பனை மரங்கள். இந்த ஊருக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. நடந்து போய்க்கொண்டிருக்கும்போதே மாநிலம் மாறிவிடும். இந்தப் பக்கம் மலாக்காவின் அலோர் காஜா மாவட்டம். அந்தப் பக்கம் நெகிரி செம்பிலானின் தம்பின். வெளியூர்க்காரருக்கு இரண்டும் ஒரே ஊர்தான். உள்ளூர்க்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், தெரியும்!

ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையிலும் இரண்டு ஊர்களும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன: புலாவ் செபாங் / தம்பின். பத்துமலை முருகனைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே கொமுட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தால், வண்டி மாறாமல் கடைசி நிலையமான இங்கே வந்து இறங்கலாம். சிரம்பானைத் தாண்டி, ரெம்பாவையும் தாண்டினால் அடுத்த நிறுத்தம் இதுதான். சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டது இந்தியாவின் இர்கோன் நிறுவனம். 2013-ல் அந்த வேலை முடிந்ததிலிருந்து பயணம் சுலபமாகிவிட்டது. மலாக்கா நகருக்குப் போகிறவர்களில் பலர் இங்கே இறங்கி, பஸ் பிடித்து, ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

நான் போனது ஊருக்குள். நண்பர் ஒருவரின் அப்பா அன்று பந்து விளையாடுகிறார் என்றார்கள். அப்பாவுக்கு வயது 63.

நான்கு சட்டை, நான்கு தோட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கே திடலில் கூட்டம். வெயில் ஏறுவதற்குள் முதல் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரம். ஆனால் யாரும் அவசரப்படவில்லை. "பசியாறியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதற்கே அரை மணி நேரம் போனது. நாசி லெமாக் பொட்டலம், உளுந்து வடை, பெரிய குடுவையில் தேத்தண்ணி. காலணி மாட்டும் பெஞ்சில் கோடாலித் தைலத்தின் வாசனை. ஒருவர் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர், "எந்த முட்டியில பட்டையில்லையோ, அந்தப் பக்கமாப் பந்தைக் கொண்டுபோங்கடா" என்று தன் ஆட்களுக்கு வியூகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அணிகள் நான்கு. ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் ஒரு தோட்டத்தின் பெயர். அந்தப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எதை முதலில் எழுதினாலும் மற்ற மூன்று பேரும் சண்டைக்கு வருவார்கள். காடேக், தெபோங், ரெம்பியா, கெமுனிங் என்று இந்த வட்டாரத்தில் தமிழர்கள் வாயில் புழங்கும் தோட்டப் பெயர்களை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஆட வந்தவர்களில் இன்று தோட்டத்தில் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. சிரம்பான், மலாக்கா, கிள்ளான், ஜோகூர் என்று சிதறிப் போனவர்கள். லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பாதுகாவலர், தொழிற்சாலை மேற்பார்வையாளர், சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவோடு இரவாக வந்தவர் என எல்லாரும் இருந்தார்கள். வருடத்தில் இந்த ஒரு நாள் அந்தச் சட்டைக்காக வருகிறார்கள்.

வெட்டரன் ஆட்டத்துக்குத் தனி விதிகள். அணிக்கு ஒன்பது பேர், பாதிக்குப் பதினைந்து நிமிடம். வெளியே போனவர் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் உள்ளே வரலாம். சறுக்கிப் போய்க் காலை வெட்டக் கூடாது. இதெல்லாம் நம்மாட்கள் சலுகைக்காகக் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். காற்பந்து விதிகளை வகுக்கும் அனைத்துலக வாரியமே, மூத்தோர் ஆட்டத்தில் திடலின் அளவையும் ஆட்ட நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம், மாற்று ஆட்டக்காரர் திரும்பி வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் 2011-ல் நடைக் காற்பந்து தொடங்கினார்கள். ஓடினால் ஃபவுல். தோக்கியோவில் 2023-ல் எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே லீக்கில் ஒரு பிரிவு திறந்தார்கள்.

நடுவர் விசில் ஊதினார். முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்கும் இருபது வயது. ஆறாவது நிமிடத்திலிருந்து அவரவர் வயது திரும்ப வந்துவிட்டது. இடது ஓரத்தில் ஒருவர் பந்தைத் துரத்தப் போக, கரையிலிருந்து அவர் தம்பி கத்தினார்: "பந்து ஓடட்டும், அண்ணே! நீங்க நில்லுங்க!" அதுதான் அன்றைய தினத்தின் தத்துவம். கால் ஓடாத இடத்தில் பந்தை ஓட விட்டார்கள். முப்பது வருடப் பழக்கம் உள்ளவர்கள் அல்லவா, யார் எங்கே நிற்பார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது. 63 வயது அப்பா நடுத்திடலை விட்டு நகரவேயில்லை. ஆனால் அவர் காலுக்கு வந்த பந்து ஒன்றுகூட வீணாகவில்லை.

கோல் காத்தவர் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "கோல்ல நின்னா சரி, மூணு அடிக்கு மேல நகரக் கூடாது" என்று மனைவி நிபந்தனை போட்டு அனுப்பியிருக்கிறார். நிபந்தனையைக் கண்காணிக்க அவரே கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பயத்தில் நியாயம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனமோ, 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்கிறது. வருடத்தில் ஒரு நாள் விளையாடுவதால் அது நிறைந்துவிடாது. ஆனால் இந்த ஒரு நாளில் மூச்சு வாங்கக் கூடாது என்பதற்காக இரண்டு மாதமாக மாலையில் நடந்ததாகப் பலர் சொன்னார்கள்.

திடல் எப்படி வந்தது?

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உறவு பழையது. மலாயாவில் வணிக அளவில் ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம், 1896-ல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது. இன்றும் அந்தப் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அதன் பிறகு பால்மரம் போன இடமெல்லாம் தமிழர்கள் போனார்கள். அல்லது கொண்டுபோகப்பட்டார்கள். லயன் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை. இவற்றோடு ஒரு திடலும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல் ஓய்வு. அந்தப் பிற்பகல்கள்தான் தோட்டத்துப் பந்தாட்டத்தை வளர்த்தன. பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் ஊரே லாரியில் ஏறும்.

அந்தக் காலத்துப் பையன்களுக்குக் கண்ணெதிரே நட்சத்திரங்களும் இருந்தார்கள். தேசிய அணியின் தூணாக நின்ற சோ சின் ஆன், இதே அலோர் காஜாவில் பிறந்தவர். மலேசியா 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியபோது எம். சந்திரனும் அந்த அணியில் இருந்தார். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் காத்த அணி, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போக முடியவில்லை. இளையவர்களுக்கு அந்தக் கதை 2016-ல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் வழியாகத் தெரிந்திருக்கும். இங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வானொலியில் கேட்ட கதை. "ஆறுமுகம் மாதிரி பறந்து பிடிக்கிறேன்னு லயன் வாசல்ல விழுந்து கையை ஒடச்சுக்கிட்டேன்" என்றார் ஒருவர். கை இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

பிறகு தோட்டங்கள் மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் வேண்டாம். சில தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. சில தாமான்களாயின. குடும்பங்கள் ஒவ்வொன்றாக லயனைக் காலி செய்தன. பிடுங்கி எடுக்கப்படுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை கிளை ரயில் ஓடியது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண ரயிலுக்குத் தோட்டத்துத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. பெயர்த்த பாதையும் திரும்பப் போடப்படவில்லை. மலாக்கா நகருக்கு இன்றும் இங்கிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டியிருக்கிறது.

சோற்றோடு ஒரு சண்டை

மதியச் சாப்பாட்டில்தான் அன்றைய உண்மையான ஆட்டம் நடந்தது. சோறு, கோழிப் பிரட்டல், ரசம், நெத்திலிச் சம்பால், பெரிய வாளியில் சிராப் தண்ணீர். சாப்பிட்டுக்கொண்டே ஓர் அணியின் பொறுப்பாளர் பேச்சைத் தொடங்கினார். அடுத்த வருடம் தங்கள் அணிக்கு ஒன்பது பேர் தேறுவார்களா என்பது சந்தேகம் என்றார்.

விதி இதுதான்: தோட்டத்தில் குடியிருந்தவர் மட்டுமே அந்தத் தோட்டத்தின் சட்டையைப் போடலாம், வயது நாற்பதைத் தாண்டியிருக்க வேண்டும். அவர்களுடைய தோட்டத்தில் கடைசிக் குடும்பம் லயனைக் காலி செய்தது 1990-களின் நடுவில். அன்று பத்து வயதாக இருந்த பையனுக்கு இப்போது நாற்பது. இனி பத்து வருடம் போனால் புதிதாக ஒருவர்கூட அணிக்குள் வர வழியில்லை. வெளியே போவதற்குத்தான் வழி இருக்கிறது. முன்பு ஆறு அணிகள் ஆடின. இப்போது நான்கு.

"பிள்ளைங்களைச் சேர்த்துக்குவோம். வயசு வரம்பையும் எடுத்துடுவோம்" என்றார் பொறுப்பாளர். அவர் மகன், இருபத்தாறு வயது, கோலாலம்பூரில் மென்பொருள் வேலை, பக்கத்தில்தான் தட்டோடு நின்றான்.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் கையைக் கழுவாமலே எழுந்துவிட்டார். "அவன் பெரட்டுக்கு நின்னதில்ல. பால்வாளி தூக்கினதில்ல. அந்தச் சட்டைய எப்படிப் போடுவான்? அது பந்துக் கிளப்பு சட்டையா?"

"மாமா, நானுந்தான் பால் வெட்டினதில்ல. எங்கப்பாதான் வெட்டினாரு. நான் திடல்ல பந்தடிச்சேன், அவ்வளவுதான். என்னை மட்டும் எப்படிச் சேர்த்தீங்க?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. அவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. பெரியவர் சொன்னதிலும் பிழை இல்லை. எல்லாரையும் சேர்த்துக்கொண்டால், பிறகு அது எந்த ஊரிலும் நடக்கிற ஒரு காற்பந்துப் போட்டி. சேர்க்காவிட்டால், பத்து வருடத்தில் ஆட்டமே இல்லை.

அப்போதுதான் சோறு பரிமாறிக்கொண்டிருந்த ஓர் அத்தை கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "குடியிருந்தவங்கதான் ஆடலாம்னா, நாங்க எங்கே குடியிருந்தோம்? ஆஸ்பத்திரியிலயா? நானும் அதே லயன்லதான் பொறந்தேன். முப்பது வருஷமாச் சோறுதான் ஆக்குறேன். என்னை யாராவது கேட்டீங்களா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

அத்தைமார் மட்டை எடுத்தார்கள்

இடைநிலைப் பள்ளியில் அவர்கள் காலத்துப் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து, இல்லாவிட்டால் சாஃப்ட்பால். அந்த அத்தையும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் பள்ளி அணியில் சாஃப்ட்பால் ஆடியவர்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவரின் கார் பூட்டில் மட்டையும் பந்தும் எப்போதும் கிடக்குமாம். கொண்டுவந்தார். நான்கு மூலைக்கு நான்கு செருப்பு வைத்து 'பேஸ்' ஆக்கினார்கள்.

சாஃப்ட்பால் பேஸ்பாலின் தங்கை. 1887-ல் சிக்காகோவில் ஒரு கட்டடத்துக்குள்ளே விளையாட்டாகத் தொடங்கியது. பந்து பெரியது, சுற்றளவு பன்னிரண்டு அங்குலம். கையைத் தாழ்த்தி, கீழிருந்துதான் வீச வேண்டும். அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே சீனியர் சாஃப்ட்பால் அணிகள் ஏராளம். அவர்களும் விதிகளை வயதுக்கேற்ப வளைத்திருக்கிறார்கள். முதல் பேஸில் இரட்டைத் திண்டு வைப்பார்கள், ஓடுகிறவரும் பிடிக்கிறவரும் மோதிக்கொள்ளாமல் இருக்க. முட்டி ஒத்துழைக்காதவர் பந்தை அடித்து முதல் பேஸை அடைந்துவிட்டால், அதற்கு மேல் அவருக்குப் பதிலாக இன்னொருவர் ஓடலாம்.

கடைசியாகச் சொன்ன அந்த விதியை ஆசிரியை விளக்கியதும் அத்தைமார் முகத்தில் வெளிச்சம். அதை இன்னும் கொஞ்சம் தாராளமாக்கினார்கள். அடித்த இடத்திலேயே நின்றுகொள்ளலாம். யார் பிள்ளை நிற்கிறதோ, அது ஓடும்.

முதல் பந்தைச் சோறு போட்ட அத்தைதான் அடித்தார். கரண்டி பிடித்த கை அல்லவா, அடி விழுந்த சத்தத்தில் செம்பனை மரத்துப் பறவைகள் எழும்பின. பந்து 63 வயது அப்பாவின் தலைக்கு மேலே போனது. அவர் அதைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தையின் மருமகள் இரண்டாவது செருப்பைத் தாண்டிவிட்டாள். காலையில் வியூகம் வகுத்த வீரர்கள் வரிசையாக மூன்று பந்துகளைக் காற்றில் வீசி வெளியேறினார்கள். ஓடக் கூடாது என்று நிபந்தனை போட்ட அம்மா மட்டையோடு வந்தபோது, கோல் காத்த கணவர் பழி தீர்த்துக்கொண்டார்: "மூணு அடிக்கு மேல நகரக் கூடாது!"

பிறகு பொறுப்பாளரின் மனைவி மட்டையை எடுத்தார். அதே தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்காக ஓட மகன் வந்து நின்றான், வெள்ளைக் காலர் சட்டையோடு. அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டா ஓடுவே?" என்றவர், கணவரிடம் திரும்பி, "உங்க சட்டையக் கழட்டிக் குடுங்க" என்றார். காலையில் நனைந்து, மதியம் காய்ந்த அந்தச் சட்டை, முதுகில் தோட்டத்துப் பெயரோடு மகனுக்கு வந்தது. எல்லாரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா அடித்தார். மகன் ஓடினான். மூன்றாவது செருப்பில் நிற்கப் போனவனைப் பார்த்து, கரையிலிருந்து முதலில் கத்தியது அந்தப் பெரியவரின் குரல்தான்: "நிக்காதடா! ஓடு, ஓடு!"

விதி மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று முடித்துக்கொண்டார்கள். காற்பந்துக்கு இப்போதைக்குப் பழைய விதிதான். அடுத்த வருடம் சாஃப்ட்பாலும் உண்டு, அதில் அம்மாமார் அணி, பிள்ளைகள் ஓடலாம் என்பது மட்டும் முடிவானது. சோற்றுக்கு கேட்டரிங் சொல்லிவிடுவார்களாம். இந்த முடிவை முன்மொழிந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இளைஞன் சட்டையைக் கழற்றித் தரவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு

வாசகர்களில் பலருக்கு அப்பா, தாத்தா வழியில் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும். அடையாள அட்டையில் இருக்காது, வீட்டுப் பேச்சில் இருக்கும். ஒரு ஞாயிறு அவர்களையும் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள். ரயிலிலேயே வரலாம். கடைவீதியில் பசியாறிவிட்டு, செம்பனைக்குள் போகும் பாதைகளில் மெதுவாகக் காரை விடுங்கள். லயன் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் முன் இருக்கையில் இருப்பவர், "இங்கே நிறுத்து" என்று எங்கேயாவது சொல்வார். அங்கே இறங்குங்கள். திடலின் ஓரத்தில் எந்த மரம் நின்றது, கோயில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, யார் கோல் காத்தார் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காததால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

மாலையில் காடேக் சுடுநீர் ஊற்றுக்குப் போகலாம். புலாவ் செபாங்கிலிருந்து காரில் சிறிது தூரம்தான். ஆட்டம் முடிந்த அன்று நாங்கள் போனபோது, காலையில் பார்த்த ஏழெட்டு முட்டிகள் பட்டையைக் கழற்றிவிட்டு வெந்நீருக்குள் வரிசையாக இருந்தன. நான்கு தோட்டத்துக்காரர்களும் கலந்து உட்கார்ந்து, 1989-ல் போட்ட ஒரு கோல் ஆஃப்சைடா இல்லையா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே அந்த இளைஞனும் கால் நனைத்தபடி உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் மாறும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தான். கோல் போட்டதாகச் சொல்லப்பட்டவர் அவனுடைய தாத்தா.